கொப்பரைக்கு வேண்டிய கொழகொழப்பு

சமையல் குறிப்பு எதை எடுத்தாலும் 'வெல்லத்தைத் தண்ணீரில் கரைத்து, மண் தூசி போக வடிகட்டிக்கொள்ளவும்' என்று ஒரு வரி இருக்கிறது. அச்சடித்த புத்தகமானாலும் சரி, யூடியூபில் பேசுகிற அம்மாவானாலும் சரி, இந்த வரியை விடுவதில்லை. படிக்கிறவர்களுக்கு அது சாதாரண வரி. வெல்லம் காய்ச்சுகிற எனக்கு அது எங்கள் தொழிலின் மேல் வைத்த புகார். எடுக்க வேண்டிய அழுக்கைக் கொப்பரையிலேயே எடுத்திருந்தால் உங்கள் வீட்டு வடிகட்டியில் சேறு ஏன் தங்குகிறது? அந்த அழுக்கை எடுக்க எங்களிடம் பழைய வழி ஒன்று உண்டு. வெண்டைச் செடியின் கொழகொழப்புதான் அது.

பரமத்தி வேலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஜேடர்பாளையத்துத் தடுப்பணையிலிருந்து பிரிகிற ராஜவாய்க்கால் பாயும் மண். வாழை, வெற்றிலை, கரும்பு மூன்றும் மாறி மாறி நிற்கும். பிலிக்கல்பாளையத்து வெல்லச் சந்தை எட்டும் தூரத்தில் இருப்பதால் தோட்டத்துக்குத் தோட்டம் ஆலை போட்டுக் காய்ச்சிய காலம் உண்டு. நான் கல்யாணமாகி வந்த வீடும் ஆலை வீடு. பிறந்த வீட்டில் மஞ்சளும் பருத்தியும்தான். கொப்பரையை நின்று பார்த்ததே இங்கே வந்த பிறகு.

ஆலையில் வேலைப் பங்கீடு அப்போது கண்டிப்பானது. பதம் பார்ப்பது, கொப்பரை சாய்ப்பது ஆண்கள். உருண்டை பிடிப்பது இரு பாலும். வெண்டைத் தண்டு தட்டிக் கொழகொழப்பு எடுப்பது பெண்கள் மட்டும். கூலி நோட்டில் அதற்குத் தனி வரி கிடையாது, 'சில்லறை வேலை' என்று சேர்த்து எழுதிவிடுவார்கள். பாகுப் பதம் பார்ப்பவருக்கு இருக்கிற மரியாதையில் கால்வாசிகூட இதற்கு இருந்ததில்லை. என் மாமியார் அந்தச் சில்லறை வேலையில் கெட்டிக்காரி. அவர் எடுத்துக் கொடுத்த அண்டாத் தண்ணீரால்தான் எங்கள் வீட்டு வெல்லத்துக்குச் சந்தையில் பெயர் இருந்தது என்பது என் தீர்மானம். மாமாவும் அதை மறுத்ததில்லை, வாய்விட்டுச் சொன்னதுமில்லை.

தண்டு பார்த்து எடுப்பதில் தொடங்குகிறது படிப்பு. கடைசிப் பறிப்பு முடிந்து செடி இன்னும் பச்சையாக நிற்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். செடி நின்றபடியே காய்ந்து கட்டையாகிவிட்டால் நார்தான் மிஞ்சும். காய்ப்பில் இருக்கிற செடியில் கொழகொழப்பு அதிகம்தான், ஆனால் அதைப் பிடுங்க எந்த விவசாயி சம்மதிப்பார்? வேரை விட்டுவிட்டுத் தண்டை மட்டும் அறுத்து வருகிற ஆட்களை அத்தை திருப்பி அனுப்புவார். வேர்த்தோலில்தான் சாரம் கூடுதல்.

வெண்டைச் செடிக்குச் சுணை உண்டு. ஒரு கட்டுத் தண்டைத் தட்டி முடிப்பதற்குள் முழங்கை வரை அரிப்பெடுத்துவிடும். தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு உட்காருவோம். மண் போகக் கழுவி, சாண் நீளத்துக்கு நறுக்கி, கல்லின் மேல் வைத்து மரக்கொட்டாப்புளியால் தட்ட வேண்டும். தோல் கிழிந்து நார் விரிந்தால் போதும். வேகம் காட்டி மாவாக நசுக்கினால் நார்த்தூள் கரும்புப்பாலில் இறங்கும், அப்புறம் அதை எடுக்க இன்னொரு வேலை. தட்டிய தண்டைப் பச்சைத் தண்ணீரில் ஊறவைத்து, கையால் பிசைந்து பிசைந்து விட வேண்டும். வெந்நீர் ஊற்றி வேலையைச் சுருக்கப் பார்ப்பவர்கள் உண்டு. எங்கள் வீட்டில் அனுமதி இல்லை, சூட்டில் அது இளகிப்போகும்.

தயாராகிவிட்டதா என்று பார்க்கக் கருவி ஒன்றும் கிடையாது. கையை அண்டாவுக்குள் விட்டு மேலே தூக்கினால் விரல்நுனியிலிருந்து நூல் இறங்க வேண்டும்.

"அம்மிணி, நூலு அறாமத் தண்ணியத் தொடோணும். அப்பத்தான் அளுக்கப் புடிக்கும். பாதியிலயே அந்து போச்சுன்னா இன்னொரு கட்டுத் தண்டப் போடு" என்பார் அத்தை.

"போதுமுங்களா அத்தை?" என்று கேட்டால், பதில் சொல்லாமல் தன் கையை விட்டுப் பார்ப்பார். அவர் கையில் நூல் இறங்குகிற நீளம் என் கையில் இறங்கப் பல பருவம் ஆனது.

எடுத்த தண்ணீரை வேட்டித்துணியில் வடிகட்டி அன்றைக்கே பயன்படுத்திவிட வேண்டும். வெயில் நாளில் காலையில் எடுத்தது சாயங்காலக் கொப்பரைக்கு உதவாது. புளித்த வாடை வந்து, நூல் அறுந்து, வெறும் தண்ணீராகிவிடும். எங்கள் ஆலையில் கொப்பரை ஏறுகிற நேரத்தைக் கரும்பு தீர்மானிப்பதில்லை, இந்த அண்டாதான் தீர்மானிக்கிறது.

இனிக் கொப்பரைக்கு வருவோம். ஆலையிலிருந்து விழும் கரும்புப்பாலை நீங்கள் தெருவோரக் கடையில் ஐஸ் போட்டுக் குடித்திருப்பீர்கள், அதனால் நிறம் தெரியும். பச்சை கலந்த சாம்பல். அதில் சர்க்கரையோடு வேறு பல சரக்கும் இருக்கிறது. கரும்புத் தோலில் வெள்ளையாகப் படிந்திருக்கும் மெழுகு, உருளையில் நசுங்கிய நார்த்தூள், கணுவில் ஒட்டியிருந்த மண், புரதம், பச்சையம், கோந்துச் சத்து, நிறம் ஏற்றும் பொருள்கள். துணியில் வடித்தால் மண்ணும் நாரும் நிற்கும். மற்றவை துணிக்கண்ணைவிட நுண்ணியவை, நாள் முழுக்க வைத்தாலும் அடியில் படியாமல் மிதந்துகொண்டே இருக்கும். அவற்றை ஒன்றுசேர்த்துக் கட்டி மேலே கொண்டுவர ஆள் வேண்டும்.

அந்த ஆளை இறக்குவதற்கு முன்பு சுண்ணாம்பு. கரும்புப்பால் இயல்பிலேயே லேசான புளிப்புடையது. சுண்ணாம்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளியவிட்டு, மேல் தெளிவை மட்டும் சிறிது சேர்த்து அந்தப் புளிப்பை மட்டுப்படுத்துவோம். குறைந்துபோனால் வெல்லம் இளகி நிற்கும், மழைக்காலத்தில் கசியும். கூடிவிட்டால் கறுத்துப்போகும். சுண்ணாம்பு முதலில், வெண்டை பிறகு என்ற வரிசையை நான் வெகுநாள் வெறும் வழக்கம் என்றே நினைத்திருந்தேன். காரணம் எங்கள் அடுப்பங்கரையிலேயே இருந்திருக்கிறது. வெண்டைக்காய் வதக்கும்போது கொழகொழப்புப் போக அத்தை புளித்தண்ணீர் தெளிப்பார், மோர் தெளிக்கிற வீடுகளும் உண்டு. புளிப்புப் பட்டால் அந்த நூல் அறுந்துவிடும். பொரியலுக்கு அது அறுந்தால் நல்லது. கொப்பரையில் அது அறுந்தால் நட்டம். அதனால்தான் கரும்புப்பாலின் புளிப்பை முதலில் அடக்குகிறோம். சமையலில் விரட்டுகிற அதே பொருளை ஆலையில் அண்டா அண்டாவாக எடுத்து ஊற்றுகிற வீடு எங்களுடையது.

பால் கை பொறுக்காத சூட்டுக்கு வந்ததும் வெண்டைத் தண்ணீரில் பாதியை விளிம்பு சுற்றி ஊற்றி ஒரு கலக்கு. பிறகு கலக்கக் கூடாது. இந்த இடத்தில் பேச்சு நின்றுவிடும். சக்கை தள்ளுகிறவர் கொப்பரையைப் பார்த்துக்கொண்டே தீயைக் குறைத்து ஏற்றுவார். கொஞ்ச நேரத்தில் கறுப்பும் பச்சையுமாக ஒரு ஆடை மேலே தடிக்கத் தொடங்கும். முதலில் ஓரத்தில், பிறகு நடுவில், கடைசியில் கொப்பரை முழுவதும். கிளறினால் விட்டுப்போகாத அளவுக்குக் கெட்டியாகும். அந்த ஆடை வெடித்து இடுக்கில் வெள்ளை நுரை தலைகாட்டுகிற நொடிதான் அழுக்கெடுக்கும் நேரம். நீளக் கைப்பிடி வைத்த சல்லடைக் கரண்டியால் இரண்டு பக்கமும் நின்று வாரி எடுப்போம்.

நொடி தவறினால் கொதி வந்துவிடும். கொதி வந்தால் ஆடை உடைந்து மறுபடியும் பாலுக்குள் கரைந்து இறங்கும். அப்புறம் எத்தனை வாரினாலும் முழுக்க வராது. முதல் ஆடை போனதும் மீதி வெண்டைத் தண்ணீர். இரண்டாவதாக எழும்புகிற அழுக்கு நிறம் குறைந்து, மெல்லியதாக, பழுப்பாக இருக்கும். அதையும் எடுத்துவிட்டால் கொப்பரையில் நிற்கிற பால் வேறு பால். அடி தெரியும். தேன் நிறத்தில் பளபளவென்று இருக்கும். முதன்முதலாகப் பார்க்கிறவர்கள் எதையோ புதிதாக ஊற்றியிருக்கிறோம் என்றுதான் நினைப்பார்கள்.

இது எப்படி நடக்கிறது என்பதை வேளாண்மை படித்த என் மகள்தான் எனக்கு விளங்கும்படி சொன்னாள். சூடு ஏற ஏறப் பாலிலுள்ள புரதம் திரள்கிறது. வெண்டையின் கொழகொழப்பு என்பது சர்க்கரை வகை மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி. கேலக்டோஸ், ரம்னோஸ், கேலக்டூரானிக் அமிலம் என்று அதற்குள் இருப்பவற்றுக்குப் பெயர் சொன்னாள். அந்தச் சங்கிலிகள் தண்ணீருக்குள் விரிந்து, காவிரியில் வீசிய வலை மாதிரி, திரண்ட புரதத்தையும் மெழுகையும் நார்த்தூளையும் சேர்த்துக் கட்டிக்கொள்கின்றன. சுண்ணாம்பிலுள்ள கால்சியமும் கட்டுப்போட உதவுகிறது. சூட்டில் எழும்பும் குமிழ்கள் மொத்தத்தையும் மேலே தூக்கிவிடுகின்றன. கலங்கல் தண்ணீரைத் தெளிவாக்கவும் வெண்டைக் கொழகொழப்பை ஆய்வாளர்கள் சோதித்திருக்கிறார்கள் என்றாள். எனக்கு வியப்பில்லை. பானையின் உட்புறம் தேற்றாங்கொட்டையைத் தேய்த்துக் கலங்கிய தண்ணீரைத் தெளியவைத்தவர்கள்தானே நம் கிழவிகள்.

அவள் சொன்னதில் என்னைப் பிடித்துப்போட்ட செய்தி வேறொன்று. உத்தரப் பிரதேசத்தில் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் வெண்டையைத் தவிர தேவுலா என்கிற காட்டு வெண்டை வகை, சுக்லாய் என்கிற மரப்பட்டை, இலவம்பட்டை, பால்சாப் பட்டை இவற்றையும் ஊறவைத்து ஊற்றுகிறார்களாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத செடிகளாகத் தோன்றும். தாவரவியல் கணக்கில் எல்லாம் ஒரே குடும்பம், பருத்தியும் வெண்டையும் துத்தியும் செம்பருத்தியும் சேர்ந்த குடும்பம். கங்கைக் கரையில் இருப்பவரும் காவிரிக் கரையில் இருப்பவரும் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு செய்ததில்லை. கை போன போக்கில் தேடி ஒரே குடும்பத்து வாசலில் போய் நின்றிருக்கிறார்கள். பருத்தி விளைந்த வீட்டில் பிறந்து வெண்டை தட்டும் வீட்டுக்கு வந்தவள் நான். எனக்கு அதில் ஒரு தனிச் சந்தோஷம்.

செம்பருத்தி இலையைக் கசக்கித் தலைக்குத் தேய்த்துக் குளித்த எந்தப் பெண்ணுக்கும் இந்தக் கொழகொழப்பு புதிதில்லை. தலை அழுக்கை எடுப்பதும் கரும்புப்பால் அழுக்கை எடுப்பதும் கிட்டத்தட்ட ஒரே வேலை. வெந்தயம் ஊறினால் வருவது, திருநீற்றுப் பச்சிலை விதையைச் சுற்றிக் கண்ணாடியாக உப்புவது, கற்றாழைச் சோற்றில் வடிவது, பாதாம் பிசின் ஊறிக் கட்டி கட்டியாய்ப் பெருகுவது எல்லாம் இதன் அண்ணன் தம்பிகள். செடி தண்ணீரைப் பிடித்துவைக்கவும், விதை காயாமல் இருக்கவும், பட்ட காயத்தை மூடவும் இவற்றை வைத்துக்கொள்கிறது. உளுந்தையும் இதில் சேர்க்க வேண்டும். இட்லி மாவு புளிக்கும்போது உண்டாகும் காற்றைப் பிடித்துவைத்துக்கொள்வது உளுந்தின் கொழகொழப்புதான். அது இல்லாவிட்டால் இட்லி வெறும் அரிசிக் களி. இத்தனை உபகாரம் செய்கிற ஒரு குணத்தை நாம் முகம் சுளிக்கிற விஷயங்களின் பட்டியலில் வைத்திருக்கிறோம்.

அழுக்கெடுத்த பிறகு நடப்பதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன், அது எல்லாருக்கும் தெரிந்த கதை. தீயை முழுக்க ஏற்றிக் கொதிக்கவிடுவோம். நுரை பொங்கி வழியப் பார்த்தால் கொஞ்சம் ஆமணக்கெண்ணெய், அல்லது நசுக்கிய கொட்டைமுத்து. பாகு கெட்டிப்பட்டதும் ஒரு துளியைத் தண்ணீரில் விட்டு உருட்டிப் பார்ப்பது. உருண்டை கல்லில் அடித்தால் ஓசை கொடுக்க வேண்டும். வெப்பமானி வைத்துப் பார்த்தால் ஏறத்தாழ 118 டிகிரி செல்சியஸ். நாட்டுச் சர்க்கரைக்கு அதற்கும் மேலே போக வேண்டும். மரத்தொட்டியில் சாய்த்து, துடுப்பால் கிண்டி, சூடு ஆறுவதற்குள் உருண்டை பிடிக்க வேண்டும். ஒரு டன் கரும்புக்கு 100 கிலோ வெல்லம் வந்தால் சரி, நல்ல கரும்பாக இருந்தால் அதற்கு மேலும் கொஞ்சம் வரும். எடுத்த அழுக்கு எருக்குழிக்குப் போகும். கரும்புச் சக்கை அடுப்புக்கே திரும்பும். வீண் என்று ஒன்றுமில்லை.

இப்போது மஞ்சளுக்கு வருகிறேன். இந்தத் தொழிலில் வெண்டைத் தண்டை வெளியே தள்ளியது மஞ்சள் நிறம்.

நான் வந்து சில வருஷங்களில் ஹைட்ரோஸ் என்ற வெள்ளைத் தூள் ஆலைகளுக்கு வந்து சேர்ந்தது. சோடியம் ஹைட்ரோசல்பைட். ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் சாயப் பட்டறைகளில் சாயத்தைக் கரைக்கவும், ஏறிய சாயத்தை இறக்கவும் பயன்படுத்துகிற அதே தூள். கொதிக்கிற பாலில் ஒரு கை போட்டால் போதும், கண்ணெதிரே நிறம் வெளுக்கும். வெல்லம் எலுமிச்சை மஞ்சளாக வரும். சந்தையில் அந்த மஞ்சளுக்கு விலை ஏறியது. எங்கள் பழுப்பு உருண்டையைக் கையில் வைத்துப் பார்த்த ஒரு வியாபாரி சொன்னது இன்றும் நினைவிருக்கிறது.

"ஏனுங்க, சரக்கு சுத்தம்னு எனக்குத் தெரியுமுங்க. கடைக்கு வர்ற அம்மாவுக்கு யாரு சொல்றது? அவங்க நெறத்தப் பாத்துத்தான் எடுப்பாங்க. அடுத்த தடவ கொஞ்சம் மஞ்சளாக் கொண்டாங்க."

அவரைக் குறை சொல்ல முடியாது. 30 கிலோச் சிப்பத்துக்கு விலை வித்தியாசம் கண்ணுக்குத் தெரிகிற அளவில் இருந்தது. வெண்டைக்கு விடியற்காலையிலிருந்து இரண்டு பெண்கள் உட்கார வேண்டும், தண்டு தேடி வண்டி போக வேண்டும், கொதி வருமுன் நின்று வார வேண்டும். தூளுக்கு ஒரு பொட்டலம், ஒரு கை. ஒவ்வொரு ஆலையாகக் கொட்டாப்புளி மூலைக்குப் போனது. பெண்களின் அந்தச் சில்லறை வேலையும் போனது. அதற்காக யாரும் வருத்தப்பட்டதாக எனக்கு நினைவில்லை.

என் வழக்கு இதுதான். வெண்டை அழுக்கை வெளியே எடுத்துப் போடுகிறது. ஹைட்ரோஸ் அழுக்கை உள்ளேயே வைத்துவிட்டு அதன் நிறத்தை மட்டும் அழிக்கிறது. மெழுகும் புரதமும் நார்த்தூளும் மஞ்சள் வெல்லத்துக்குள் அப்படியே இருக்கின்றன. அழித்த நிறமும் நிரந்தரமாகப் போவதில்லை. காற்றுப் பட்டு நாள் ஆக ஆக வெல்லம் மறுபடி மங்கும். பொங்கலுக்குப் பளிச்சென்று வாங்கியது சித்திரையில் மங்கலாகத் தெரிந்தால் இதுதான் காரணமாக இருக்கலாம். தூளோடு கந்தகமும் வெல்லத்துக்கு வருகிறது. வெல்லத்தில் கந்தக டை ஆக்சைடு கிலோவுக்கு 70 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்று உணவுச் சட்டத்தில் வரம்பு வைத்திருக்கிறார்கள். 'ஒரு கை' என்பது எத்தனை மில்லிகிராம் என்று எந்த ஆலையில் அளந்தார்கள்? மஞ்சள் பழகிய பிறகு அஸ்கா வந்தது. வெள்ளைச் சர்க்கரையை மூட்டையாகக் கொப்பரையில் கொட்டி எடை ஏற்றுகிற வேலை. பண்டிகைக்கு முன்பு உணவுப் பாதுகாப்புத் துறையினர் ஆலைகளில் சோதனை போட்டுச் சர்க்கரை மூட்டைகளைப் பிடித்தார்கள் என்று நாளிதழில் வருவது நம் மாவட்டத்துக்குப் புதிய செய்தி இல்லை.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் ஒரு விளம்பரம் எழுதியவளாவேன். கறுப்பு வெல்லம் எல்லாம் சுத்தம் என்று இப்போது நகரத்தில் ஒரு பேச்சு கிளம்பியிருக்கிறது. அதுவும் பொய்தான். அழுக்கே எடுக்காமல் காய்ச்சினாலும் கறுக்கும். அடிபிடித்தாலும் கறுக்கும். சுண்ணாம்பு கூடினாலும் கறுக்கும். உவர் நிலத்துக் கரும்பு, உப்புக் கிணற்றுத் தண்ணீர் குடித்த கரும்பு கறுத்த வெல்லம்தான் கொடுக்கும், நாக்கில் கரிக்கவும் செய்யும். ஆற்றங்கரை மணலில், நல்ல முதிர்ச்சியில் வெட்டிய கரும்பை ஒழுங்காக அழுக்கெடுத்துக் காய்ச்சினால் எந்தத் தூளும் இல்லாமலே பொன்பழுப்பாக வரும். ரகமும் ஒரு காரணம். எங்கள் பக்கம் பெரும்பாலும் கோ 86032 போடுகிறோம், கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனத்து ரகம். 1912-இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் 'கோ' ரகங்கள் இல்லாமல் இந்த நாட்டில் கரும்பு பேச முடியாது. ஒவ்வொரு ரகத்துக்கும் வெல்ல நிறம் கொஞ்சம் மாறும். நிறம் ஒன்றை வைத்து மட்டும் வெல்லத்துக்குத் தீர்ப்பு எழுதுவது மஞ்சளுக்கு மயங்குவதைப் போலவே தப்பு.

பிறகு எதை வைத்துப் பார்ப்பது? கட்டுரைத் தொடக்கத்தில் புகார் சொன்னேனே, அந்த வடிகட்டியை வைத்துத்தான். ஒரு உருண்டையை வெந்நீரில் கரைத்து உயரமான கண்ணாடித் தம்ளரில் ஊற்றி ஒரு மணி நேரம் விடுங்கள். அடியில் மண் எத்தனை, மேலே மிதக்கிற சவ்வு எத்தனை என்று பாருங்கள். முகர்ந்து பாருங்கள், தீக்குச்சி உரசின வாடை துளி வந்தாலும் அந்தக் கடையை மாற்றிவிடுங்கள். அழுக்கெடுத்த வெல்லத்துத் தண்ணீர் பழுப்பாக இருந்தாலும் தம்ளருக்கு அந்தப்பக்கம் விரல் தெரியும்.

காற்று கொஞ்சம் திரும்பியிருக்கிறது என்பதும் உண்மை. கேரளத்து மறையூர் வெல்லம் கரும்பழுப்பு நிறம், மஞ்சளின் சாயலே கிடையாது. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. அதே வருஷம் பழனிப் பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தத்துக்கான நாட்டுச் சர்க்கரையைக் கோயில் நிர்வாகம் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் ஏலத்தில் வாங்குகிறது. எங்கள் ஆலைக்கும் இப்போது 'தூள் போடாததாகக் கொடுங்கள்' என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் காய்ச்சிக் கொடுக்க ஆசைதான். தண்டு கிடைப்பதுதான் இன்றைக்குப் பெரிய தலைவலி.

வெண்டை போடுகிறவர்கள் குறைந்துவிடவில்லை. ஆனால் முன்பு கடைசிப் பறிப்பு முடிந்து செடி நிலத்தில் சும்மா நிற்கும், ஆடு மேயும், நாங்கள் போய்ப் பிடுங்கி வருவோம். இப்போது மறுநாளே டிராக்டர் ரோட்டவேட்டர் விட்டு உழுதுவிடுகிறார்கள். அதைவிடப் பெரிய கவலை பூச்சிமருந்து. காய்ப்புழுவுக்கும் வெள்ளை ஈக்கும் வெண்டையில் அடிக்காத மருந்தில்லை. நேற்று அடித்த செடியை இன்று தட்டி ஊற்றினால் வெல்லத்துக்குத் தூளே மேல் என்றாகிவிடும். அதனால் யார் தோட்டம், கடைசியாக என்றைக்கு மருந்தடித்தார்கள் என்று கேட்காமல் நாங்கள் தண்டு எடுப்பதில்லை. வாய்க்கால் ஓரத்தில் எங்களுக்கென்றே கொஞ்சம் வெண்டை விதைத்திருக்கிறோம், காயைப் பற்றிக் கவலைப்படாமல், மருந்தில்லாமல். தை மாத நெருக்கடிக்கு அது போதாது.

தண்டையும் வேரையும் பச்சையாக நறுக்கி நிழலில் உலர்த்தித் தூளாக்கி வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனையும் உண்டு. நாங்களும் செய்து பார்க்கிறோம். பச்சைத் தண்டு அளவுக்கு நூல் விடுவதில்லை, இருந்தாலும் தண்டு கிடைக்காத மாதத்தில் கை கொடுக்கிறது. இதைப் பெரிய அளவில் செய்து பொட்டலமாகக் கொடுக்க யாராவது முன்வந்தால், ஹைட்ரோஸ் பொட்டலத்துக்குப் பதில் அதைப் பிரிக்கத் தயாராக இருக்கிற ஆலைக்காரர்களை எனக்குத் தெரியும். அவர்களுக்கு வேண்டியது வேலைச் சுருக்கம்தான், விஷத்தின் மேல் யாருக்கும் ஆசை கிடையாது.

அத்தைக்கு இப்போது கை நடுக்கம். தட்ட முடியாது. ஆனாலும் அண்டாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்துக் கேட்டுவிட்டுத்தான் கொப்பரைக்கு எடுத்துப் போகிறோம். கூலி நோட்டில் இந்த வேலைக்குத் தனி வரி போட்டுவிட்டேன். 'வெண்டைத் தண்ணி' என்று தலைப்பிட்டு, பதம் பார்ப்பவருக்குக் கொடுக்கிற அதே கூலி.

கடைசியாக, கரூர், நாமக்கல், ஈரோடு பக்கம் வெண்டை போட்டிருக்கிற விவசாயிகளுக்கு ஒரு வேண்டுகோள். கடைசிப் பறிப்பு முடிந்ததும் டிராக்டரைக் கூப்பிடுவதற்கு முன்பு, பக்கத்தில் வெல்ல ஆலை இருந்தால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். பிடுங்குகிற கூலியும் வண்டிச் செலவும் ஆலைக்காரருடையது. மருந்தடித்த தேதியை மட்டும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.